இறக்கத்தில் வெடிக்கும் சைலன்சர்: கோத்தகிரிச் சாலையில் ஒரு ஏர் இண்டக்ஷன் ஆய்வு

முறையீடு

கோத்தகிரியில் நான் நடத்தும் இருசக்கர வாகனப் பட்டறைக்குச் சென்ற பலாப்பழக் காலத்தில் 150 சிசி வண்டி ஒன்று வந்தது. 2014-இல் பதிவான, கார்ப்ரேட்டர் வைத்த பிஎஸ்-3 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை மாசு விதியின் மூன்றாம் நிலை) வண்டி. 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. உரிமையாளர் மேட்டுப்பாளையத்தில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். பொழுது விடியும் முன்பே கோத்தகிரியிலிருந்து இறங்கிவிட்டு மாலையில் ஏறிவருவது அவருடைய வழக்கம். ஏறும்போது வண்டியில் ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் போதும், சைலன்சருக்குள் 'பட், பட்' என்று வெடிக்கத் தொடங்குகிறது என்றார். ஆறு மாதமாக இருந்துவந்த இந்தச் சத்தம் கடைசி இரண்டு மாதங்களில் பெரிதாகிவிட்டதாகவும் சொன்னார்.

சத்தத்தை அவர் சகித்துக்கொண்டு போயிருப்பார். பட்டறைக்கு அவரை வரவைத்தது இறக்கத்தின் வழியிலுள்ள குஞ்சப்பனை. பலா பழுக்கும் மாதங்களில் அந்தப் பகுதியில் யானைகள் சாலையோரத்துக்கு வருவது மலையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இருட்டோடு இருட்டாக அந்த வளைவுகளைக் கடப்பவருக்கு, தன் வண்டியே தனக்கு முன்னால் பட்டாசு கொளுத்திக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. சத்தம் கேட்டால் யானை தானாக விலகிவிடும் என்று மண்டியில் ஒருவர் ஆறுதல் சொன்னாராம். அந்தக் கூற்றை நேரில் சோதித்துப் பார்க்க அவருக்கும் விருப்பமில்லை, எனக்கும் இல்லை.

அவர் நோயை மட்டும் சொல்லவில்லை, மருந்தையும் சட்டைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார். ஒரு கோலிக்குண்டு. "ஏர் ஃபில்டர்ல இருந்து வர்ற இந்த டியூப்புக்குள்ள கோலியப் போட்டு அடைச்சா சத்தம் நின்னுருமாம்ணா. அதை மட்டும் செஞ்சு குடுத்துருங்க" என்றார். இது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல; புகைக்குழாய்க்குக் காற்று ஊட்டும் இந்த ஏர் இண்டக்ஷன் குழாயைக் கோலியோ பால்ரஸ் குண்டோ போட்டு அடைப்பது பட்டறை உலகில் பல ஆண்டுகளாகப் புழங்கும் கைமருந்து. பல வண்டிகளில் அது வேலையும் செய்கிறது என்பதால்தான் நிலைத்திருக்கிறது. ஏன் வேலை செய்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

சாலை

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,790 மீட்டர். இடையிலுள்ள சாலை 33 கிலோமீட்டர் அளவில் இருக்கும். இறங்கும் வண்டிகள் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும் என்ற எச்சரிக்கை வழியெங்கும் உண்டு, ஒழுங்காக வண்டி ஓட்டுபவர்கள் அப்படித்தான் இறங்குகிறார்கள். அதாவது பிரேக்கை நம்பாமல், இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுதும் விட்டுவிட்டு, எஞ்சினின் இழுப்பையே தடையாகப் பயன்படுத்தி இறங்குகிறார்கள்.

சமவெளியில் ஓடும் வண்டி ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் சில நொடிகள் மட்டுமே இருக்கும். சிக்னலில் ஒருமுறை, வேகத்தடையில் ஒருமுறை. மலையில் அதே நிலை அரை நிமிடம், சில இடங்களில் ஒரு நிமிடம்கூட நீடிக்கிறது. வளைவில் சற்று முறுக்கிவிட்டு மறுபடியும் விடுகிறோம். ஆகவே சமவெளியில் ஒரு நாளைக்கு ஒருமுறை 'டப்' என்று கேட்டு மறந்துபோகக்கூடிய ஒரு சிறு கோளாறு, கோத்தகிரி இறக்கத்தில் வளைவுக்கு வளைவு தன்னை அறிவித்துக்கொள்கிறது. மலை புதிதாகக் கோளாறு எதையும் உண்டாக்குவதில்லை, இருப்பதை உரக்கச் சொல்லவைக்கிறது.

சைலன்சருக்குள் எது வெடிக்கிறது

ஆக்சிலேட்டரை விட்டதும் கார்ப்ரேட்டரின் வழி ஏறக்குறைய அடைபடுகிறது. சக்கரமோ எஞ்சினைத் தொடர்ந்து சுழற்றுகிறது. பிஸ்டன் பலமாக உறிஞ்சியும் உள்ளே வருவது மிகச் சிறிதளவு பெட்ரோல்-காற்றுக் கலவைதான். அதனோடு முந்தைய சுற்றில் வெளியேறாமல் தங்கிய எரிந்த புகையும் சேர்ந்துகொள்கிறது. இப்படி நீர்த்துப்போன கலவையைப் பிளக்கின் பொறி சில சுற்றுகளில் பற்றவைக்கிறது, சில சுற்றுகளில் தவறவிடுகிறது. தவறிய சுற்றின் பெட்ரோல் எரியாமலேயே, சிலிண்டரிலிருந்து சைலன்சருக்குப் போகும் புகைக்குழாயான பெண்ட் பைப்புக்குள் போய்ச் சேர்கிறது. அடுத்து ஒழுங்காக எரிந்த சுற்றின் சூடான புகை பின்னாலேயே வரும்போது அங்கே தேங்கியிருப்பது பற்றிக்கொள்கிறது. நாம் கேட்கும் 'பட்' இதுதான்.

பற்றுவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: எரியாத பெட்ரோல், சூடு, ஆக்சிஜன். சூடு எப்போதும் இருக்கிறது. பெட்ரோல் எரியாமல் தப்பிவருவதைக் கூட்டவோ குறைக்கவோ செய்வது கார்ப்ரேட்டரின் அமைப்பு. ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே கேள்வி. பொறி தவறிய சுற்று தன்னோடு கொஞ்சம் ஆக்சிஜனையும் கொண்டுவரும். பெண்ட் பைப் சிலிண்டரோடு சேரும் இடத்தில் கேஸ்கட் தேய்ந்திருந்தால் அந்தச் சந்து வழியாகவும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். மூன்றாவது வழி, நிறுவனமே வேண்டுமென்று வைத்த வழி: ஏர் இண்டக்ஷன்.

யமஹா இதை ஏர் இண்டக்ஷன் என்கிறது. ஹோண்டாவும் சுசுகியும் 'பேர்' (PAIR) என்ற சுருக்கப்பெயரால் குறிக்கின்றன. பெயர் வேறானாலும் அடிப்படை ஒன்றே. எக்ஸாஸ்ட் வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் புகைக்குழாயில் ஒரு நொடிப்பொழுது அழுத்தம் தாழ்ந்து ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. அந்த உறிஞ்சலைப் பயன்படுத்தி, ஏர் ஃபில்டரில் வடிகட்டிய தூய காற்றை ஒரு ரப்பர் குழாய் வழியாகவும் ரீட் வால்வு வழியாகவும் சிலிண்டர் தலையின் எக்ஸாஸ்ட் துவாரத்துக்குள் இழுக்கிறார்கள். பம்பும் இல்லை, மோட்டாரும் இல்லை. ரீட் வால்வு ஒருவழிக் கதவு. காற்றை உள்ளே விடும், புகையைத் திரும்ப வரவிடாது. அப்படி நுழையும் காற்றில் எரியாத பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் குழாயிலேயே எரிந்து குறைகின்றன. சைலன்சரில் புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதன் வேலைக்கு வேண்டிய ஆக்சிஜனும் கிடைக்கிறது.

இதைப் படிப்பவருக்கு உடனே ஒரு சந்தேகம் எழ வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது எரியாத பெட்ரோல் அதிகம் வரும் என்றால், சரியாக அதே நேரத்தில் காற்றையும் ஊட்டினால் வெடிக்காதா? வெடிக்கும். அமைப்பை வடிவமைத்தவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் இந்த வண்டியில் ரீட் வால்வுக்கு முன்னால் ஒரு டயாஃபிரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) வைத்த கட்டுப்பாட்டு வால்வு இருக்கிறது. அதற்குக் கார்ப்ரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இன்டேக் ரப்பர் பகுதியிலிருந்து வேக்குவத்தை, அதாவது எஞ்சினின் உறிஞ்சலை, கொண்டுசெல்லும் ஒரு மெல்லிய டியூப் போகிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் அங்கே வேக்குவம் பலமாகிறது, அது டயாஃபிரத்தை இழுக்கிறது, வால்வு மூடிக்கொள்கிறது, காற்று நின்றுவிடுகிறது. அதாவது உரிமையாளர் பையில் வைத்திருந்த கோலிக்குண்டின் வேலையைச் செய்ய வண்டிக்குள்ளேயே ஒரு கோலி இருக்கிறது. வேண்டிய நேரத்தில் மட்டும் அடைத்து, மற்ற நேரத்தில் திறந்துவைக்கும் கோலி. இந்த வண்டியில் அது வேலை செய்யவில்லையோ என்ற ஐயம் எனக்கு இந்த இடத்தில்தான் தோன்றியது.

கோலியைப் போட்டுப் பார்த்தது

ஐயம் இருந்தும் அவர் கேட்டதையே முதலில் செய்தேன். கோளாறு எந்தத் திசையில் இருக்கிறது என்று அறிய, ஏர் இண்டக்ஷனை ஒரு சவாரிக்கு மட்டும் அடைத்துப் பார்ப்பதைவிட எளிய சோதனை இல்லை. அதற்கு முன் அடைக்காத நிலையில் ஒரு கணக்கு வேண்டும் அல்லவா? பட்டறைப் பையனைப் பின்னால் உட்காரவைத்து எண்ணச் சொன்னேன். கோத்தகிரியிலிருந்து அரவேனு வரையிலான மேல்பகுதி ஒரு கணக்கு, குஞ்சப்பனைக்குக் கீழே சமவெளியைத் தொடும்வரை உள்ள பகுதி இன்னொரு கணக்கு. எப்போதும் பகல் வெளிச்சத்தில், இரண்டாம் கியரில், கூடியவரை ஒரே இடங்களில் ஆக்சிலேட்டரை விட்டு. மேலே ஆறு முறை வெடித்தது. கீழே 31 முறை.

பிறகு ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, உள்விட்டத்துக்கு இறுக்கமாகப் பொருந்திய அவருடைய கோலியையே உள்ளே தள்ளி, மறுபடியும் மாட்டிக்கொண்டு இறங்கினோம். மேலே ஒன்றுகூட இல்லை. கீழே ஏழு.

உரிமையாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. 31 ஏழானது அவருக்குப் போதும். எனக்கு அந்த ஏழுதான் உறுத்தியது. ஏர் இண்டக்ஷனை முற்றிலும் அடைத்த பிறகும் வெடிப்பதென்றால், அந்த வெடிப்புகளுக்கும் ஏர் இண்டக்ஷனுக்கும் தொடர்பில்லை. மேலும், மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு ஏன்? குழாயும் வால்வும் மேலேயும் கீழேயும் ஒன்றேதான். மாறுவது காற்று ஒன்றுதான். வண்டியை மேலும் இரண்டு நாள் விட்டுச்செல்லும்படி கேட்டுக்கொண்டேன். அரை மனதோடு சம்மதித்து, பேருந்தில் போய்வந்தார்.

விரலால் ஒரு சோதனை

கோலியை எடுத்துவிட்டு, குழாயை ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து மட்டும் கழற்றி, அதன் வாயில் விரலை வைத்துக்கொண்டு வண்டியை ஐட்லிங்கில் விட்டேன். துடிப்புத் துடிப்பாக விரலை உறிஞ்சியது. ரீட் வால்வு நலமாக இருக்கிறது என்று பொருள். புகைச்சூடு விரலில் பட்டிருந்தால் ரீட் வால்வில் கரி படிந்து சரியாக மூடவில்லை என்று கொள்ள வேண்டியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. பிறகு எஞ்சினை முறுக்கி, நான்காயிரம் சுற்றை ஒட்டிய வேகத்திலிருந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டேன். சரியாக இருக்கும் வண்டியில் அந்தக் கணத்தில் விரலின் மீதுள்ள இழுப்பு நின்றுவிட வேண்டும். எஞ்சின் ஐட்லிங்குக்கு இறங்கிய பிறகுதான் மறுபடி தொடங்க வேண்டும். இங்கே இழுப்பு நிற்கவே இல்லை. மூட வேண்டிய கதவு மூடவில்லை என்பது உறுதியாயிற்று.

கதவே பழுதா, கதவை இழுக்கும் கயிறு பழுதா என்பது அடுத்த கேள்வி. கட்டுப்பாட்டு வால்வின் வேக்குவம் மூக்கில் ஒரு பெரிய மருந்துச் சிரிஞ்சைச் செருகி இழுத்தேன். வால்வு 'டிக்' என்று மூடியது. சிரிஞ்சைப் பிடித்தபடியே நிறுத்தியபோது இழுப்பு குறையவில்லை. ஆகவே டயாஃபிரம் கிழியவில்லை. மீதி இருப்பது வேக்குவம் டியூப். வெளிப்பார்வைக்கு அது நன்றாகவே இருந்தது. கையால் வளைத்துப் பார்த்தபோதுதான், இன்டேக் மூக்கில் கிளிப்புக்கு அடியில், எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் இறுகிப்போன ரப்பரில் வாயைத் திறந்தது ஒரு வெடிப்பு. நகக்கண் அளவுகூட இல்லை. கிளிப் மறைத்துவிட்டதால் முன்பு பார்த்த மெக்கானிக் எவருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. நானும் வளைத்துப் பார்க்காமல் விட்டிருந்தால் கோலியோடுதான் வண்டியை அனுப்பியிருப்பேன்.

அந்தச் சின்ன வெடிப்பு இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. வேக்குவம் வால்வைச் சென்றடையாமல் வழியிலேயே கசியவிட்டது. அதனால் இறக்கத்திலும் புகைக்குழாய்க்குக் காற்று ஊட்டப்பட்டது. அதே வெடிப்பின் வழியாக வெளிக்காற்று இன்டேக்கிற்குள் நுழைந்து, ஏற்கெனவே நீர்த்திருந்த கலவையை மேலும் நீர்க்கச்செய்தது. அதனால் பொறி தவறும் சுற்றுகள் கூடின. எரியாத பெட்ரோலையும் ஆக்சிஜனையும் ஒரே ஓட்டை கொண்டுவந்து சேர்த்தது. கோலி இவற்றில் ஆக்சிஜனை மட்டுமே நிறுத்தியது.

டியூப்பை மாற்றியதற்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. கோலி இல்லாமல், ஏர் இண்டக்ஷன் முழுதாகத் திறந்த நிலையில், மறுபடியும் இறங்கி எண்ணினோம். மேலே ஒன்றுமில்லை, கீழே ஐந்து. கோலியோடு ஏழு, கோலி இல்லாமல் ஐந்து. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த எண்கள் இவை இரண்டும்தான்.

மீதி ஐந்து

மீதியைத் தேடியபோது முதலில் அகப்பட்டது பெண்ட் பைப் கேஸ்கட். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, கெட்டித் துணியால் சைலன்சர் வாயை அரைகுறையாக அடைத்தபடி, சிலிண்டரோடு சேரும் இடத்தில் சோப்பு நுரையைத் தடவினால் கசிவு குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். சூடான எஞ்சினில் இதைச் செய்தால் நுரை ஆவியாகப் போவதோடு கையும் வெந்துபோகும். குமிழி வந்தது, கேஸ்கட் நசுங்கிக் கருத்திருந்தது. மாற்றியதும் ஐந்து மூன்றாகக் குறைந்தது. பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன்.

கார்ப்ரேட்டரில்தான் சுவையான கதை இருந்தது. உரிமையாளரை விசாரித்தபோது, சென்ற ஆண்டு கோத்தகிரியிலேயே ஒரு பட்டறையில், காலையில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, பிளக் கருக்கிறது என்று சொல்லி டியூனிங் செய்துகொண்டதாகச் சொன்னார். அந்த முறையீடு உண்மையாகத்தான் இருந்திருக்கும். கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கார்ப்ரேட்டர் காற்றின் கன அளவுக்கேற்ப பெட்ரோலை விடுகிறதே தவிர, காற்று எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை முழுதாக அறியாது. ஆகவே மேலே போகப்போகக் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடுகிறது. கணக்குப்படி, காற்றின் அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி இது மாறும். மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் இடையே கலவை நூற்றுக்கு ஆறு ஏழு அளவு வேறுபடும். மேலே 14-க்கு 1 என்று இருக்கும் காற்று-பெட்ரோல் விகிதம் கீழே 15-க்கு 1 என்ற அளவுக்கு மெலியும். பெட்ரோல் முழுதாக எரிவதற்கான விகிதம் 14.7-க்கு 1 என்பதை இங்கே நினைவில் கொள்க.

அந்தப் பட்டறைக்காரர் கோத்தகிரிக் காற்றில், நின்ற நிலையில், வாடை போகும்வரை மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருப்பியிருக்கிறார். இந்தக் கார்ப்ரேட்டரில் அந்த ஸ்க்ரூ எஞ்சின் பக்கத்தில் இருக்கும் வகை. உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். அது முழுதாக மூடிய நிலையிலிருந்து ஒரே ஒரு சுற்று மட்டும் திறந்திருந்தது. கோத்தகிரியில் நிற்கும் வண்டிக்கு அது பொருத்தம். ஆனால் இந்த வண்டி தினமும் 1,400 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. இறங்க இறங்கக் காற்று தடிக்கிறது, கலவை மெலிகிறது, ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் பொறி தவறுவது கூடுகிறது. மேலே ஆறு, கீழே 31 என்று முதல்நாள் எண்ணியதற்கு விடை இதில் இருந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வண்டி எங்கே ஓடுகிறது என்று நானும் எத்தனையோ பேரிடம் கேட்காமல் ஸ்க்ரூவைத் திருப்பியிருக்கிறேன்.

டியூனிங்கை இந்த முறை பட்டறையில் செய்யவில்லை. குஞ்சப்பனை சோதனைச்சாவடிக்கு அருகே, ஏறக்குறைய பாதி இறக்கத்தில், சூடான எஞ்சினோடு வண்டியை நிறுத்தி, ஐட்லிங் சீராக இருக்கும் இடம் பார்த்து ஸ்க்ரூவை இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திறந்துவைத்தேன். கோத்தகிரியின் அதிகாலைக் குளிரில் கொஞ்சம் பெட்ரோல் வாடை வரும் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இரண்டு உயரங்களுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் ஸ்க்ரூ நிலை கார்ப்ரேட்டரில் கிடையாது. நடுவில் ஓரிடத்தில் உடன்பாடு செய்துகொள்ளத்தான் முடியும். அடுத்த இறக்கத்தில் மேலே எதுவுமில்லை, கீழே ஒரே ஒருமுறை.

அப்படியே அடைத்துவிட்டால் என்ன?

உரிமையாளர் இந்தக் கேள்வியை நேராகவே கேட்டார், கேட்டிருக்கவும் வேண்டியதுதான். கோலி ஐந்து நிமிட வேலை, நான் எடுத்துக்கொண்டது மூன்று நாள்.

அடைப்பதால் எஞ்சினுக்கு உடனடிக் கேடு எதுவும் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இழுவை கூடும், மைலேஜ் கூடும் என்று சொல்பவர்கள் பேச்சில் மட்டும் பொருளில்லை. காற்று நுழைவது சிலிண்டருக்குள் அல்ல, அதைத் தாண்டிய புகைக்குழாயில். எஞ்சினின் மூச்சோடு அதற்குத் தொடர்பே இல்லை. கேடு வருவது அடைக்கும் விதத்தில்தான். கோலி போடச் சோம்பி, குழாயை மொத்தமாகப் பிடுங்கி எறிந்துவிட்டு ஏர் ஃபில்டர் பெட்டியின் மூக்கைத் திறந்தபடி விட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெட்டியின் வடிகட்டிய பக்கத்துக்குள் வடிகட்டாத தூசி நேராகப் போய் சிலிண்டரைத் தேய்க்கும். வேக்குவம் டியூப்பையும் பிடுங்கி இன்டேக் மூக்கை மூடாமல் விட்டால், ஐட்லிங் ஏறி, கலவை மெலிந்து, எந்த வெடிப்பை நிறுத்த வந்தார்களோ அதுவே பெருகும்.

புகையின் கதை வேறு. கோலி போட்டிருந்த நாளில், வண்டியைப் புகைச் சோதனை நிலையத்தில் காட்டினேன். அரைச் சதவீதத்தை ஒட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடு ஒன்றரைச் சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2000 மார்ச் 31-க்குப் பிறகு தயாரான நான்கு ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிகளுக்கு உள்ள வரம்பு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பனுக்கு 4,500 பிபிஎம். ஆகவே சான்றிதழ் கிடைத்துவிடும். அந்தச் சோதனை ஐட்லிங்கில் மட்டும் எடுக்கப்படுவது; அதில் தேறுவதால் வண்டி தயாரிக்கப்பட்டபோது இருந்த தூய்மையோடு ஓடுகிறது என்று ஆகாது. மூன்று மடங்கு கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டு சான்றிதழோடு ஓட முடியும் என்பதைத்தான் எனக்கு அந்தத் தாள் காட்டியது.

சட்டத்தையும் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, அப்படித் திருத்தும் உரிமையாளருக்கு ஒவ்வொரு திருத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. காற்று, ஒலி மாசு விதிகளை மீறி ஓட்டுவதற்கு 190(2)-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கோத்தகிரி வளைவில் யாரும் ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிக் கோலி தேடப்போவதில்லை என்று அவர் சிரித்தார். அதுவும் உண்மைதான்.

என்னைத் தயங்கவைத்தது இவை எதுவுமில்லை. கோலியோடு அனுப்பியிருந்தால் டியூப் வெடிப்பு உள்ளேயே இருந்திருக்கும், அது வளரும். கலவை இன்னும் மெலியும். ஐட்லிங் ஏறி இறங்கும். ஒருநாள் இறக்கத்தின் நடுவே எஞ்சின் அணைந்தும் போகலாம். வெடிச்சத்தம் அந்த ஓட்டைக்கு வாய்த்திருந்த ஒரே வாய். அதைத்தான் கோலி பொத்தியிருக்கும்.

பெட்ரோல் இன்ஜெக்ஷன் வைத்த பிஎஸ்-6 வண்டிகளோடு வருபவர்களுக்கு இதை அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது. அவற்றில் ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பெட்ரோலையே நிறுத்துகிறது. காற்று வால்வு இருந்தால் அதையும் வேக்குவம் அல்லாமல் மின்சாரச் சோலினாய்டு இயக்குகிறது. சோலினாய்டின் பிளக்கைப் பிடுங்கினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். அந்த வகை வண்டி இறக்கத்தில் வெடித்தால் நான் முதலில் பார்ப்பது வெளியிலிருந்து வாங்கி மாட்டிய சைலன்சரையும் பெண்ட் பைப் கேஸ்கட்டையும். கசிவால் உள்ளே போகும் காற்றை ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் குறைவு என்று தவறாகப் படித்து, தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டச்செய்யும். அதன் பிறகு டியூனிங்கில் தேடுவது வீண்.

பிறகு

வண்டியை ஒப்படைத்த ஆறாவது வாரம், பின்சக்கர பிரேக் ஷூ மாற்ற உரிமையாளர் மறுபடி வந்தார். காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது மெல்லிய பெட்ரோல் வாடை இருப்பதாகவும், அதற்கு இப்போது பழகிவிட்டதாகவும் சொன்னார். குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட வளைவில், மூன்றாம் கியரில் வந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் மட்டும் இன்னும் ஒருமுறை 'டப்' என்கிறதாம். அங்கே இரண்டாம் கியருக்கு முன்பே இறங்கிவிடும்படி சொன்னேன். பழைய வேக்குவம் டியூப்பை வெடிப்பு தெரியும்படி வளைத்து, கம்பியால் கட்டி, பட்டறைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறேன். அவருடைய கோலி அதற்குக் கீழே ஒரு மூடியில் கிடக்கிறது, அவர் திரும்பக் கேட்கவில்லை.